ஏழுநாக்கியைப் பற்றிக் கடைசித் தாளில் எழுதியவை

சுடுகாட்டையே ஆடரங்கமாகக் கொண்டவனும், பேய்க்கணங்கள் தாளமிட ஆடும்போதும் ஒரு பாதத்தைத் தூக்கி அஞ்சினவர்க்கு அடைக்கலமாக நிறுத்தியவனும், நஞ்சையும் நிலவையும் ஒரே மேனியில் பகையின்றி வைத்தவனுமாகிய பெருமானின் திருவடிகளைத் தலைமேற்கொண்டு, அவன் இடப்பாகத்து அன்னையின் அருளையும் வேண்டிக்கொண்டு, செங்கழுநீர்ப்பேரியில் நடந்ததை நடந்தவாறே சொல்லத் தொடங்குகிறோம். சொல் மிகுமானால் அவன் நீக்குக. குறையுமானால் அவள் நிரப்புக.

செங்கழுநீர்ப்பேரியின் தேரடித் தெருவில், இரும்புக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே, வாகீசுவரி வாடகை நூல்நிலையம் என்று ஓர் ஒற்றைக் கதவுக் கடை இருந்தது. அதன் உரிமையாளர் பேராச்சிமுத்து, வாசகர்கள் கதையின் ஓரங்களிலெல்லாம் மனத்தில் பட்டதைக் கிறுக்கி வைப்பதைப் பொறுக்கமாட்டாமல், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை மாற்றித் தைக்கும்போது கடைசியில் இரண்டு வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துவிடுவார். சொல்ல வேண்டியதை அங்கே சொல்லிக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். ஊராரும் பழகிவிட்டனர். புத்தகம் எடுக்க வருகிறவர் முதலில் கடைசித் தாளைத்தான் விரிப்பார். அங்கே முன்னோர் எழுதிப்போனதைப் படித்துச் சிரித்தோ முகம் சுளித்தோ, பிறகுதான் எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்வார். ஒருவரும் பெயர் எழுதுவதில்லை. பெயர் இல்லாததால் நாணமும் இல்லை. நாணம் இல்லாததால் உண்மையும் பொய்யும் ஒரே மையில் அங்கே தாராளமாக ஓடின.

அந்தக் கடையிலிருந்த புத்தகங்களிலெல்லாம் கொடியது ‘ஏழுநாக்கி’ என்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் பயங்கர நவீனம். பொய் சொன்னவர்களின் நாக்கைப் பிடுங்கித் தன் வாயில் தைத்துக்கொள்ளும் ஒரு சூனியக்காரியின் கதை அது. ஈரலைக் காய வைப்பதும் எலும்பை மாவாக்குவதும் அதில் சமையற்குறிப்புப் போல விளக்கமாக எழுதப்பட்டிருந்தன. பக்கத்துக்குப் பக்கம் உயிர்களைக் கொன்று வருகிற அந்தச் சூனியக்காரி, கடைசி ஊரின் கடைசி வீட்டில், ஆளில்லாத கூடத்தில் தொங்கிய ஒரு தொட்டிலருகே வந்து நின்று, உள்ளே உறங்கிய பிள்ளையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போய்விடுகிறாள். அத்துடன் கதை முடிந்தது. ஆறு ஆண்டுகளில் ஊரில் பாதிப்பேர் அதைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், பூசை மாடத்தின் பக்கம் திரும்பாமல் படித்து, திருப்பிக் கொடுத்திருந்தனர். கடைசித் தாளில் பதினேழு கருத்துகள் சேர்ந்திருந்தன.

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சிக்கால மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, ஏழுநாக்கி அந்தக் கடைக்கு வந்தாள். பேருந்து நிலையத்தின் பக்கமிருந்து வெயிலில் நடந்து வந்ததாகப் பழக்கடைக்காரர் பிறகு சொன்னார். பேராச்சிமுத்து நிமிர்ந்து பார்த்து, அட்டைப்படத்தில் ஆறு ஆண்டுகளாகப் பார்த்த முகமாதலால் உடனே அடையாளம் கண்டு, “வாங்க, உக்காருங்க” என்றார்.

“என்னப் பத்தி எழுதியிருக்கிறதப் பாக்கணும் அண்ணாச்சி,” என்றாள் அவள். ஒரு நாக்கு பேசும்போது மற்ற ஆறும் வாய்க்குள் வெற்றிலைச் சுருள்போல மடிந்திருந்தன.

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் பெஞ்சில் அமர்ந்து பதினேழையும் விரல் வைத்துப் படித்து முடித்து, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “எழுதினதெல்லாம் நடக்கணும். அதுக்குத்தான் வந்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணு, எழுதின வரிசையில,” என்றாள். மணி அடித்தது.

முதற்கருத்து, ‘பல்லின் நீளம் போதாது’ என்பது. மணியின் ஒலி அடங்குவதற்குள் அவள் கோரைப்பற்கள் இரண்டும் ஒரு விரற்கடை வளர்ந்து கீழுதட்டுக்கு வெளியே வந்தன. மறுநாள், ‘சூனியக்காரி தரையில் நடப்பதாக எழுதியது அபத்தம்’ என்பது. அன்று முதல் அவள் பாதங்கள் தெருவுக்கு ஒரு சாண் மேலே நின்றன. மூன்றாம் நாள், சேலையின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்று யாரோ எழுதியிருந்ததற்கிணங்க, கரும்பச்சைச் சேலை மாம்பழ மஞ்சளாயிற்று. நான்காம் நாள், ‘நடுவில் கொஞ்சம் காதல் இருந்தால் சுவைக்கும்’ என்பதற்காக, சைக்கிள் கடை வைத்திருந்த நாற்பத்தாறு வயதுப் பிரமசாரியை அவள் பகல் முழுதும் கனிவோடு பார்த்துக்கொண்டிருக்க, அவர் கடையைப் பூட்டி விட்டு மூன்று நாள் திருச்செந்தூரில் தங்கினார்.

ஊர் அவளை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் கதவுகளை அடைத்தார்கள், இரண்டாம் நாள் சன்னலைத் திறந்தார்கள், மூன்றாம் நாள் காப்பிக்கடைக்காரர், அவள் வாயில் ஏழு நாக்கு இருப்பதைக் கருதி, புதிதாக வாங்கிய காப்பித்தூளைச் சுவை பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார், அவள், “சிக்கரி கூடுதல். வித்தவன் ஒம்ம ஏமாத்திப்புட்டான் வே,” என்று சொல்லவும், அவர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அதன்பின் கல்யாண வீட்டுச் சாம்பாரும் கோயில் புளியோதரையும் அவளிடம் வந்து போயின. பொய் சொன்னால் அவள் வாய்க்குள் ஒரு நாக்கு புரண்டு ‘ளொக்’ என்று ஒலிக்கும் என்பதைக் கண்டுகொண்டவர்கள், நில எல்லை வழக்கு ஒன்றை அவள் எதிரில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ‘இருளில் கண் மின்ன வேண்டும்’ என்ற ஒன்பதாம் கருத்து நிறைவேறிய பிறகு, தெருவிளக்கு எரியாத மூலையில் மாலையில் சற்று நேரம் நின்று போகும்படி ஊராட்சியில் கேட்டுக்கொண்டார்கள். அவளும் நின்றாள். இவ்வாறாக அச்சம் பழக்கமாயிற்று, பழக்கம் சலுகையாயிற்று, சலுகை கேலியாகும் அளவுக்கும் போயிற்று.

ஆனால் பதினேழாம் கருத்து என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அது வலப்புறம் சாய்ந்த அழகிய எழுத்தில் இவ்வாறு இருந்தது: ‘முடிவு சப்பென்றிருக்கிறது. தொட்டில் வரை வந்தவள் ஏன் திரும்ப வேண்டும்? அந்தப் பிள்ளையையும் எடுத்திருந்தால்தான் கதை நிறைவு.’

எந்தப் பிள்ளையை என்று ஒரு நாள் பேராச்சிமுத்து கேட்டார்.

“எழுதினவுக வீட்டுத் தொட்டில்தான் அண்ணாச்சி. அதுதானே முறை?”

எழுதியவர் யார் என்று அவள் சொல்லவில்லை. ஊரில் அப்போது ஒன்பது வீடுகளில் தொட்டில் ஆடியது; அந்த ஒன்பது வீட்டாரும் ஒருவர் கையெழுத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினர். பால் கணக்கு எழுதிய நோட்டுகள் வெளியே வந்தன. கல்யாணப் பத்திரிகையில் முகவரி எழுதிய உறைகள் ஒப்பிடப்பட்டன. பத்து ஆண்டு நட்பாயிருந்த இரண்டு மைத்துனர்கள், “உம்ம எழுத்துத்தான் வே இப்படிச் சாயும்,” “ஒம்ம புத்திதான் வே இப்படிச் சாயும்,” என்று தேரடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றனர்.

தையற்கடையில் ஆவுடையம்மாள் யாருடைய கையெழுத்தையும் பார்க்கவில்லை. அவளுக்கு எழுதியவர் யாரென்று தெரியும்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மணமாகிப் பதினோர் ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, பன்னிரண்டாம் ஆண்டில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள். கடையின் உத்தரத்தில் பழைய சேலையால் தொட்டில் கட்டி, ஒரு காலால் மெஷினை மிதித்துக்கொண்டே கையால் அதை ஆட்டுவாள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கணவனின் தங்கைக்கு வளைகாப்பு நடந்த வீட்டில், வளையல் தட்டைத் தூக்கப் போனவளின் கையைப் பிரமு என்னும் இரும்புக்கடைக்காரர் மனைவி தடுத்து, “நீ அடுப்படியப் பாரு தாயி,” என்று எல்லோர் முன்னிலும் சொன்னாள். அடுப்படியில் புகைக்கு நடுவே அன்று மாலை வரை நின்று விட்டு, வீட்டுக்கு வந்து, பாதி படித்திருந்த ஏழுநாக்கியை எடுத்து, பக்கங்களைத் தள்ளித் தள்ளி முடிவுக்குப் போய், அங்கே பிள்ளை தப்பிப் பிழைத்ததைக் கண்டு, நெஞ்சில் ஏதோ பற்றிக்கொள்ள, அந்த மூன்று வரிகளையும் எழுதினாள். எழுதியதும் நெஞ்சு ஆறிற்று. மறுநாள் மறந்தும் போனாள்.

பதினோராம் நாள், ‘ரவிக்கை இல்லாமல் வருவதாக எழுதியது, குடும்பத்தார் படிக்கத் தகாதது’ என்ற கருத்துக்காக, ஏழுநாக்கி தையற்கடைக்கு ரவிக்கை தைக்க வந்தாள்.

ஆவுடை எழுந்து நின்றாள். அளவுநாடாவை எடுத்தாள்.

“கையத் தூக்குங்கம்மா.”

ஏழுநாக்கி தூக்கினாள். அவள் உடம்பிலிருந்து பழைய புத்தகத்தின் வாடை வந்தது. ஆவுடை மார்பளவும் தோளளவும் எடுத்துக் குறித்துக்கொண்டாள். அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்த ஏழுநாக்கி, “ஏளா, உன் எழுத்தும் வலப்பக்கமாத்தான் சாயுது. தையலும் அப்படியேதான் போவுமோ?” என்றாள்.

ஆவுடை நாடாவைச் சுருட்டினாள். தொட்டிலில் பிள்ளை முனகியது.

“ஆணா, பொண்ணா?”

“ஆணு.”

“பேரு வச்சாச்சா?”

“இன்னும் இல்ல. தொண்ணூறு நாள் போகட்டும்னு இருக்கோம்.”

“வச்சிரு. பேரில்லாம எடுத்துட்டுப் போனா எனக்கும் கூப்பிடத் தெரியாது பாரு,” என்று கேலிபோலவும் வருத்தம்போலவும் சொல்லிவிட்டு, கழுத்து அகலமாக வேண்டாம் என்றும், கொக்கி பின்பக்கம் வைக்க வேண்டும் என்றும் சொல்லிப் போனாள். மறுநாள் ஆவுடை ரவிக்கையைக் கொடுத்தபோது அதில் ஒரு தையல்கூடத் தவறியிருக்கவில்லை.

ரவிக்கை கொடுத்த அன்றிரவே கணவன் சங்கரமூர்த்தியிடம் சொல்லிவிட்டாள். மின்கம்பம் ஏறுகிற வேலை அவனுக்கு, எதற்கும் கலங்காதவன். கேட்டதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான்.

“விடியட்டும். வள்ளியூருக்கு அக்கா வீட்டுக்குப் போயிருவோம்.”

“எங்க போனாலும் எழுதினது இங்கனதான் இருக்கு. நாந்தானே எழுதினேன்?”

“தாளக் கிழிச்சிருவோம்.”

“பேராச்சி அண்ணாச்சி காலையிலேயே அத யோசிச்சுட்டாராம். கிழிக்கப் போனா தாளுக்குள்ள நாடி அடிக்குதாம். கைய எடுத்துட்டாரு.”

அவன் தொட்டிலைப் பார்த்தான். ‘ஏன் எழுதினே?’ என்று கேட்கவில்லை. அந்த வளைகாப்பு வீட்டின் அடுப்படி அவனுக்கும் நினைவிருந்தது.

பதினைந்தாம் நாள் காலை, நூல்நிலையத்தில் ஆண்கள் கூடி ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்டிருக்க, ஏழுநாக்கி பெஞ்சில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்க, ஆவுடை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, “யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். எழுதினது நாந்தான்,” என்றாள்.

முதலில் வாய் திறந்தவள் பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்த பிரமு.

“பாத்தியளா? மலடியா இருந்தவ வயித்தெரிச்சல் எங்க போகும்? எம் பேத்தியும் தொட்டில்லதானே கெடக்கா! அவளுக்கும் சேத்துத்தான் எழுதினியோ?”

“ஆமா மைனி. அன்னைக்கு எல்லாப் பிள்ளைக்கும் சேத்துத்தான் எழுதினேன்,” என்றாள் ஆவுடை. “பொய் சொல்லல.”

ஏழுநாக்கியின் வாயில் நாக்கு எதுவும் புரளவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

பேராச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைச் சுவரில் புகையேறிக் கிடந்த விதிப்பலகையை எடுத்துத் தூசி தட்டி, உரக்கப் படித்தார்: ‘பிறர் எழுதியதை அடிக்கக் கூடாது. மனம் மாறினவர், புத்தகத்தை முதலிலிருந்து முழுதும் படித்து, கீழே புதிதாக எழுதலாம். இரண்டாவது எழுதியதே நிற்கும்.’ படித்து விட்டு ஏழுநாக்கியைப் பார்த்து, “என் கடைச் சட்டம் இது. ஒங்களையும் கட்டுமா?” என்று கேட்டார்.

அவள் மடித்த வெற்றிலையைப் பெஞ்சில் வைத்தாள்.

“கட்டும். நானும் அந்தத் தாளுக்கு அடங்கினவதானே? ஆனா முந்தியும் இவ முழுசும் படிக்காமத்தான் எழுதினா. இந்தத் தடவை ஒரு எழுத்து விடாம, சத்தமா, சாட்சி வச்சுப் படிக்கணும். நாளைக் கழிச்சுச் சூரியன் அடையறதுக்குள்ள முடிக்கணும். முடிச்சு எழுதறது உண்மையா இருக்கணும். பயந்துக்கிட்டு ‘ரொம்ப நல்லாருக்கு’ன்னு எழுதினா, பிள்ளையோட அவ நாக்கும் எனக்கு.”

ஊரில் ஒரு நூலை ஒரே அமர்வில் ஓர் எழுத்து விடாமல் ஓதத் தெரிந்தவர்கள் முற்றோதல் சபையார் மட்டுமே. மாதந்தோறும் சிவன்கோயில் மண்டபத்தில் பதிகங்களை விடியலில் தொடங்கி அந்தியில் முடிப்பவர்கள். யார் எந்த அடியை விழுங்கினாலும் உடனே நிறுத்தித் திரும்ப ஓத வைக்கிற கண்டிப்பு அவர்களுடையது. சபைத் தலைவர் குற்றாலிங்கம், எழுபது கடந்தவர், நீறு பூசாத நெற்றியோடு கண்ணாடி பார்க்காதவர். பேராச்சிமுத்து அவரிடம் போய்ச் சாட்சியும் இடமும் கேட்டு நின்றபோது சபையில் கொதிப்பு எழுந்தது.

“பதிகம் ஒலிச்ச மண்டபத்துல ஈரலும் குடலுமா? கேக்கவே கூசுதே அண்ணாச்சி!”

“ஒரு பச்சைப் பிள்ளை உயிர் வே,” என்றார் பேராச்சிமுத்து.

“அதுக்காக? அந்தப் புத்தகத்தக் கையால தொட்டவன் குளிக்கணும்.”

குற்றாலிங்கம் கண்களை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, “நான் ரெண்டு தடவை குளிச்சேன்,” என்றார். எல்லோரும் திரும்பினர். “அந்தப் பதினோராவது கருத்து, ரவிக்கையப் பத்தினது, நான் எழுதினது. அஞ்சு வருசத்துக்கு முந்தி ஆடியில எடுத்துப் படிச்சேன். கீழ வைக்க முடியல.” கண்களைத் திறந்து, “உலகமெல்லாம் அஞ்சின விடத்தைக் கையில வாங்கி உண்டவன் சன்னிதி இது. அங்க ஒரு கதைப் புத்தகத்தால என்ன தீட்டு வந்துரும்? நாளைக் கழிச்சு விடியல்ல விளக்கேத்துங்க,” என்றார். சபையார் தலையாட்டினர். எழுதாத பலரும் படித்திருந்தார்கள்.

பதினேழாம் நாள் கதிர் எழுமுன் மண்டபத்தில் கோலமிட்டார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே தொட்டில் கட்டினார்கள். ஆவுடையின் கையெட்டும் தொலைவில் அது இருக்க வேண்டும் என்று சங்கரமூர்த்தி கேட்டான். ஏழுநாக்கியின் கையெட்டும் தொலைவிலும் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். இரண்டுக்கும் சபையார் இசைந்தனர். ஆவுடை நீராடி, ஈரத்தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பலகையில் வைத்து, முதற்பக்கத்தின் முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள். குற்றாலிங்கம் அருகில் அமர்ந்து வரிவரியாகக் கண்ணால் தொடர்ந்தார்.

எப்படிப்பட்ட நாள் அது! பதிகங்களுக்குப் பழகிய கல்தூண்கள் அன்று கேட்டவற்றை யாம் இங்கே திருப்பிச் சொல்லோம். முதல் நாக்குப் பிடுங்கப்பட்டபோது பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாக்கில் சபையார் இருவர் எழுந்து குளக்கரைக்குப் போய்த் திரும்பினர். எலும்பு மாவாகிற பகுதியில் ஆவுடை நிறுத்தி, “தண்ணி,” என்று மட்டும் கேட்டு, குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒருமுறை அவள் ஒரு வரியைத் தாண்டிவிட, “திரும்ப,” என்றார் குற்றாலிங்கம், பதிகத்தில் சொல்வதுபோலவே, திரும்பப் படித்தாள். அவள் படிக்கப் படிக்க, தொட்டிலின் மறுபக்கத்தில் ஏழுநாக்கி தன் கதையைத் தானே கேட்டவாறு, ஒரு விரலால் தொட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த விரலையே ஊர் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை பசித்து அழுதபோது ஆவுடை எடுத்து மார்பில் அணைத்து, முந்தானைக்குள் பால் கொடுத்துக்கொண்டே, ஏழுநாக்கி ஒரு தலையாரியைக் கிணற்றுக்குள் இழுத்துச் சென்ற பக்கத்தைப் படித்தாள். பிறகு மீண்டும் தொட்டிலில் இட்டாள். உச்சிக்கால மணி அடித்தது. ஏழுநாக்கி நிமிர்ந்தாள், ஆனால் அந்திவரை தவணை கொடுத்திருந்ததால் மறுபடியும் குனிந்து ஆட்டினாள்.

நிழல் கிழக்கே சாய்ந்த நேரத்தில், இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைப் புரட்டினபோது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஆவுடை தூக்கிப் பார்த்தாள். மடிப்பு வெட்டப்படாத எட்டுத் தாள்கள். மற்றப் பக்கங்களிலெல்லாம் எண்ணெயும் மஞ்சளும் விரலழுக்கும் படிந்து கிடக்க, இவை மட்டும் அச்சகத்திலிருந்து அன்று வந்தவைபோல வெளேரென்று இருந்தன. ஆறு ஆண்டுகளில் ஒருவரும் இவற்றைப் படித்திருக்கவில்லை. முதல் வரியில் பயமாக எதுவும் இல்லையென்று கண்டு, எல்லோரும் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

“நானும் தள்ளிட்டேன்,” என்றார் குற்றாலிங்கம், யாரும் கேட்காமலே.

சங்கரமூர்த்தி பேனாக்கத்தியால் மடிப்புகளை வெட்டிக் கொடுத்தான். ஆவுடை படித்தாள். அந்தப் பக்கங்களில் ஒரு கொலையும் இல்லை. ஒரே நாக்கோடு ஒருத்தி ஓர் ஊரில் வாழ்ந்தாள். துணி வெளுத்தாள். பிள்ளை பெறாதவள் என்பதால் அவள் நிழல் தொட்டிலில் விழக்கூடாது என்று அந்த ஊரில் வழக்கம் இருந்தது. அவள் வெளுத்த பிள்ளைத்துணியை மட்டும் வேலியில் வைத்து வாங்கிக்கொள்வார்கள். காய்ச்சலில் ஒரு குழந்தை இறந்தது. அவள் கண் பட்டதால் என்று ஒருவன் பொய் சொன்னான். மற்றவர்கள் அவன் சொன்னதை மேலும் மேலும் சொன்னார்கள். சொன்னவர்களின் நாக்குகள்தான் பின்னால் அவள் வாய்க்கு வந்தவை. இடையில் ஒரே ஒரு நாள், உடல்நலம் இல்லாத ஓர் அயலாள், வேறு ஆளில்லாமல், தன் பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து நீராட்டும்படி அவளைக் கூப்பிட்டாள். அந்த நீராட்டு மட்டும் நான்கு பக்கம் எழுதப்பட்டிருந்தது: வெந்நீரின் பதம், உள்ளங்கையில் எண்ணெயின் சூடு, காதுமடலின் பின்புறம், மூக்கில் ஊதி நீரெடுத்தது, சாம்பிராணிப் புகையில் பிள்ளை தும்மியது, எல்லாமும். ஆவுடை அந்த நான்கு பக்கங்களையும் மெதுவாகப் படித்தாள். அடுப்படி நிலையருகே நிற்பவள்போலப் படித்தாள். கூட்டத்தில் பிரமு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏழுநாக்கி அப்போது தொட்டிலை ஆட்டவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அவளும் அந்தப் பக்கங்களை யாரும் படிக்கக் கேட்டதில்லை.

மீதிப் பக்கங்களில் மீண்டும் கிணறும் எலும்பும் ஈரலும் வந்தன. ஊரார் அவற்றையும் கேட்டனர். ஆனால் முன்போலப் பொத்திக்கொள்ளவில்லை. கடைசி ஊர் வந்தது; கடைசி வீடு வந்தது; ஆளில்லாத கூடம், தொட்டில், உறங்குகிற பிள்ளை. சூனியக்காரி குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஆவுடை கடைசி எழுத்தையும் படித்து முடித்தபோது, கதிரவனின் கீழ்விளிம்பு குளத்தங்கரைப் பனைகளைத் தொட்டிருந்தது.

பேராச்சிமுத்து பேனாவைத் திறந்து நீட்டினார். வெற்றுத்தாளில் பதினேழாம் கருத்துக்குக் கீழே மூன்று விரல் இடம் இருந்தது. ஆவுடை பேனாவை வாங்கினாள். எழுதவில்லை.

“எழுது தாயி, வெயில் போகுது,” என்றது கூட்டம்.

அவள் எழுத நினைத்ததெல்லாம் அவளுக்கே பொய்யாகத் தோன்றிற்று. முடிவு நன்றாக இருக்கிறது என்று எழுதினால், அது தன் பிள்ளைக்காக எழுதியது, கதைக்காக எழுதியதன்று. அவள் திரும்பியதன் காரணம் புரிந்தது என்று எழுதினால், புரிந்தவளின் கை ஏன் இவ்வளவு நடுங்குகிறது? அச்சத்துக்கும் உண்மைக்கும் நடுவே பேனாமுனை நின்றது. பாதிக் கதிர் மறைந்தது. ஏழுநாக்கி மடித்திருந்த கால்களை விட்டுத் தரைக்கு ஒரு சாண் மேலே எழுந்து, தொட்டிலின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கரமூர்த்தி முன்னே வந்தான்; குற்றாலிங்கம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அந்த நேரத்தில் பிள்ளை விழித்து வீறிட்டு அழுதது.

ஆவுடை எழுந்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்தாள். கூட்டத்திலிருந்து நாலைந்து பெண்கள் கைநீட்டி ஓடிவந்தார்கள், தந்தை கைநீட்டினான். அவள் யாரையும் பார்க்கவில்லை. எதிரே நின்றவளைப் பார்த்து, “உக்காருங்க மைனி,” என்றாள். ஏழுநாக்கி உட்கார்ந்தாள். ஆவுடை பிள்ளையை அவள் மடியில் கிடத்தி, தலைக்குக் கீழே அவள் கையை எடுத்து முட்டுக்கொடுத்து, “கழுத்து இன்னும் நிக்கல. இப்படிப் பிடிச்சுக்கோங்க. நான் எழுதிட்டு வாரேன்,” என்று சொல்லி விட்டு, முதுகைக் காட்டி அமர்ந்து, நடுங்காத கையால் எழுதினாள்.

குற்றாலிங்கம் புத்தகத்தை வாங்கி, ஓதுகிற குரலில் படித்தார்: ‘ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மிகவும் பயந்தேன். தொட்டில் வரை வந்தவள் பிள்ளையைத் தொடாமல் திரும்பினாள் என்பதை நம்புகிறேன். ஆவுடையம்மாள், தையற்கடை, தேரடித் தெரு.’

ஏழு நாக்குகளில் ஏதாவது ஒன்று புரளுகிறதா என்று ஊர் முழுதும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. மண்டபத்தில் பிள்ளை அழுகையை நிறுத்தி விக்கிய சத்தம் மட்டும் இருந்தது. கதிர் மறைந்தது. ஏழுநாக்கி, பற்கள் படாமல் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, பிள்ளையைத் தாயிடம் நீட்டினாள்.

“நனைச்சுட்டான்,” என்றாள்.

“நனைக்கத்தான் செய்வான்,” என்றாள் ஆவுடை.

பிரமு ஓடிப்போய் உலர்ந்த துணி கொண்டுவந்து ஏழுநாக்கியிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், துடைத்துக்கொள்ளவில்லை. விளக்கேற்றி, சுண்டல் வழங்கி, எல்லோரும் வீடு திரும்பிய பிறகும் அவள் மண்டபத்துத் தூணில் சாய்ந்து, மாம்பழ மஞ்சள் சேலையின் மடி உலரும்வரை அமர்ந்திருந்தாள். உலர்ந்த பிறகு எழுந்து போனாள்.

இதைக் கேட்ட செவிகள் குளிர்க. கேட்டவர் வீட்டுத் தொட்டில்கள் ஓயாது ஆடுக. தொட்டில் இல்லாதோர் மடிகளும் ஒரு பகலேனும் நனைக. வளையல் தட்டிலிருந்து தடுக்கப்பட்ட கைகள் எல்லாம் அழைக்கப்படுக. எம்பெருமானும் எம்பெருமாட்டியும் உங்கள் நாவிலும் எழுத்திலும் காவலாய் இருந்து, அச்சமுற்ற நாளிலும் நம்புகிற நெஞ்சை உங்களுக்குத் தந்தருள்க.